சப்ரகமுவத் தோட்டங்களின் இரவுகள்

இலங்கைக்கு விடுமுறையைக் கழிக்க வரும் பிறநாட்டார், தங்குமிடம் உறுதியான மறுகணமே, இரவில் எங்குச் சென்று குடிக்கலாம், எங்கு ஆடிப்பாடிப் பொழுதைப் போக்கலாம் என்று வினவுகின்றனர். 1966ஆம் ஆண்டில் உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்ட காலந்தொட்டு அவ்வினாவுக்குக் கொழும்பும் தென்மேற்குக் கடற்கரையும் விடையளித்து வருகின்றன. சிவனொளிபாத மலைக்கோ சிங்கராஜ வனத்துக்கோ செல்லும் வழியில் அவர்கள் கடந்து போகும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களைப்பற்றி எவரும் அவ்வினாவை எழுப்புவதில்லை. எழுப்பின், விடை ஒரு நூற்றாண்டு வரலாறாக விரியும். 'தோட்டத் தொழிலாளி குடிகாரன்' என்று துரைமாரும் அதிகாரிகளும் கூறிவந்ததும், நம்மவருட் சிலர் இன்றும் ஆராயாது கூறுவதுமான கூற்றை அவ்வரலாற்றின் துணைகொண்டே எடைபோடுதல் வேண்டும்.

சப்ரகமுவ தனி மாகாணமானது 1889இல். களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் அடைந்தது. இறப்பர் பெருகியதும் இந்த ஆண்டுகளிலேதான். இறப்பர் தேயிலையைப் போன்றதன்று. விடியற் குளிரிலேதான் மரத்திலிருந்து பால் நன்கு வடியும். ஆகவே பால்வெட்டுபவன் இருள் பிரியுமுன் எழுந்தாக வேண்டும். அவனுடைய இரவு குறுகியது. தென்மேற்குப் பருவமழை இடைவிடாது பொழியும் இந்நிலத்தில் மழை நாளில் வெட்டில்லை. வெட்டில்லையேல் கூலியும் குறையும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பின்னர்த் தாழ்நிலத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம். இவ்வருவாயை நாடித்தான் மாலை வேளையில் தவறணையின் கதவு திறந்திருந்தது.

தவறணை என்னும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் விட்டு வரி திரட்டும் முறையை ஒல்லாந்தரிடமிருந்து பெற்ற ஆங்கிலேயர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனை அரசிறையின் முக்கிய ஊற்றுக்களுள் ஒன்றாக்கினர். மேற்குக் கரையில் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம், கோப்பித் தோட்டங்களுக்கென வெட்டிய பாதைகளிலேயே மலைநாடு ஏறியது. குத்தகை எடுத்தோர் பெருஞ்செல்வராயினர். அச்செல்வம் பின்னர்த் தோட்டங்களிலும் காரீயச் சுரங்கங்களிலும் முதலீடாகியதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். தொழிலாளி ஒரு கோப்பைக்குக் கொடுத்த காசு, ஒருபுறம் அரச கருவூலத்துக்கும் மறுபுறம் நாளைய முதலாளியின் பெட்டிக்கும் சென்றது. அவனது குடியை ஒழுக்கக்கேடு என்று கண்டித்த அதே ஆட்சி, அக்குடியினாற் கிட்டும் வருவாயைத் தன் வரவு செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டது.

துரைமாரின் இரவோ வேறு. ஒரு பங்களாவுக்கும் மறு பங்களாவுக்கும் இடையே சில மைல்கள். பேச்சுத் துணைக்கு எவருமில்லை. எனவே தோட்டப் பகுதிகள்தோறும் கழகங்கள் தோன்றின. டென்னிஸ் ஆடுகளம், பில்லியர்ட்ஸ் மேசை, அவற்றுக்கப்பால் மதுக்கூடம். அங்குக் கையிற் காசு வேண்டியதில்லை. சீட்டிற் கையொப்பமிட்டால் போதும், மாத முடிவிற் கணக்குத் தீர்க்கலாம். தொழிலாளியின் கடனையும் ஒரு கடதாசியே சுமந்தது. 'துண்டு' எனப்பட்ட அது, கடன் தீரும்வரை அவனைத் தோட்டம் மாறவிடாது கட்டிவைத்தது. 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கழகங்களின் வாயில் வெள்ளையர்க்கே திறந்தது. 1876இல் நுவரெலியாவில் நிறுவப்பட்ட மலைக் கழகம், நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் நெடுங்காலம் இலங்கையரை உறுப்பினராக ஏற்கவில்லை என்பது பலரும் அறிந்த செய்தி. கழகத்திற் குடித்த துரையை எவரும் குடிகாரன் என்று எழுதிவைக்கவில்லை.

மதுவொழிப்பு இயக்கம் 1904இலும் 1912இலும் நாட்டை உலுக்கியது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தையொட்டி, சாராயத்தினின்று பிரித்துக் கள்ளுக்கெனத் தனித் தவறணைகள் பெருந்தொகையிற் திறக்கப்படவே எதிர்ப்பு மூண்டது. இயக்கத்தின் தலைவர்கள் பலர் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறைப்பட்டனர். பின்னாளில் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவும் அவருள் ஒருவர். இவ்வியக்கத்தின் பெருமையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. எனினும் அதன் மேடை விகாரை. அதன் மொழி சிங்களம். அதன் உணர்வு பௌத்த மறுமலர்ச்சி. நுவரெலியாவைப் போலன்றிச் சப்ரகமுவவிற் தோட்டமும் சிங்களக் கிராமமும் வேலியடுத்தே கிடப்பவை. ஆயினும் அம்மேடைப் பேச்சு லயத்துக்கு எட்டவில்லை. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள்தாம் குடியை விடுமாறு தோட்டத் தொழிலாளரையே நேர்முகமாக நோக்கி வேண்டினார்.

குடியின் சுமையைத் தாங்கியவள் பெண். தவறணைக்கு அவள் போவதில்லை. அவளுடைய சம்பளமோ போனது. மனைவியின் கூலியைக் கணவன் பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. ஆண் பெண் சமகூலி 1984இலேதான் வந்தது. தொழிலாளியின் குடிக்கு வரிமுறையைக் காரணங்காட்டும் நாம் இதனை மறைத்தல் நேர்மையன்று.

தொழிலாளர் தமக்கெனத் தாமே படைத்துக்கொண்ட இரவும் ஒன்றிருந்தது. அதனைத் துரையும் தரவில்லை, குத்தகைக்காரனும் விற்கவில்லை. மாசி அமாவாசைக்குப் பின்னர்க் காமன் கம்பம் ஊன்றுவர். இரதியும் மன்மதனும் வேடம்பூண்டு லயம் லயமாக ஆடி வருவர். இறுதி இரவில் வீரபத்திரன் எழுந்தாட, விடியற்பொழுதிற் சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான். இரதியின் புலம்பலைக் கேட்டுக் கண்ணீர் விடாத பெண் இல்லை எனலாம். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இவ்வாறே இரவைப் பகலாக்கின. காப்புக் கட்டி ஆடியோர் அந்நாள்களில் விரதம் காத்தனர். பார்க்க வந்தோர் அனைவரும் மது தொடாதவர் என்று சாதிப்பது வரலாறாகாது. ஆயினும் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் ஒருங்கிருந்து இரவைக் கழித்த இடம் கூத்துக்களமே. தவறணைக்கும் கழகத்துக்கும் அந்தச் சிறப்பு இருந்ததில்லை.

அக்களங்கள் பல இன்று வெறுமையாயின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறின. 1977ஆம் ஆண்டு வன்செயலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களிற் பாய்ந்த வன்செயலும், 1983ஆம் ஆண்டு யூலையும் எஞ்சியோருட் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. இரதியாக ஆடியவன் ஒரு திசையும் தப்படித்தவன் வேறு திசையும் சென்றபின் கூத்து எவ்வாறு நிகழும்? தவறணைக்கு அந்த இடர் நேரவில்லை. உரிமம் ஏலம்போகும், புதிதாய்க் குடியேறியவன் வாங்குவான்.

எஞ்சிய தோட்டங்களிற் காமனை இன்றும் எரிக்கின்றனர். முன்னாளில், இரவு முழுதும் கூத்துக்கு முழங்கிய தப்பே, காமன் எரிந்து தணிந்த சிறிது நேரத்தில், அடியை மாற்றிப் பெரட்டுக்கு அழைத்தது. வேடம் கலைத்தவன் முகத்தின் அரிதாரத்தை முழுவதும் கழுவுமுன்னரே பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு நடந்தான்.