கண்ணகியின் அப்பா என்ன தொழில் செய்தார்? பூம்புகார் வணிகர்களின் கதை

கண்ணகி, கோவலன் கதை தெரியாதவர் இல்லை. ஆனால் அவர்களின் அப்பாக்கள் என்ன தொழில் செய்தார்கள் தெரியுமா? கண்ணகியின் அப்பா மாநாய்கன் கப்பல் வணிகர். கோவலனின் அப்பா மாசாத்துவான், வண்டிகளில் சரக்கு கொண்டுபோகும் தரைவழி வணிகர். கடல் வியாபாரமும் தரை வியாபாரமும் சம்பந்தி ஆன கல்யாணம் அது!

இந்தக் கதை நடக்கும் ஊர் காவிரிப்பூம்பட்டினம். இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், சீர்காழிக்குப் பக்கத்தில், காவிரி கடலில் கலக்கும் இடம்.

டெல்டான்னாலே நமக்கு நெல்தான். ஆனால் இந்த ஊருக்கு அந்த நெல்லே படகில்தான் வந்தது. உப்பை விற்று, அதற்கு மாற்றாக நெல் ஏற்றி வந்த படகுகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. குதிரை கடல் வழியே வந்தது, மிளகு மூட்டை வண்டியில் வந்தது. துறைமுகத்தில் சரக்குக்குப் புலிச் சின்னம் குத்தி, சுங்கம் வாங்கியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட இன்றைய கஸ்டம்ஸ்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, 'கபேரிஸ்' என்று இந்தத் துறைமுகத்தைக் குறித்திருக்கிறார்.

இங்கிருந்து போனவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள்? தாய்லாந்தின் குவான் லுக் பட் என்ற இடத்தில் தங்கத்தை உரைத்துப் பார்க்கும் ஒரு சின்னக் கல் கிடைத்தது. அதில் தமிழி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று இருக்கிறது. அந்தப் பொற்கொல்லர் எந்த ஊர்க்காரர் என்று கல் சொல்லவில்லை. ஆனால் தமிழ் பேசிய தொழிலாளிகள் வங்கக் கடலைத் தாண்டினார்கள் என்பதற்கு அது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சி.

சரி, ஊரைக் கடல் விழுங்கியதா? சோழ மன்னன் இந்திர விழாவை மறந்ததால் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. தொல்லியல் வேறு மாதிரி பேசுகிறது. 1962-63ல் கீழையூரில் தோண்டியபோது படகு கட்டும் செங்கல் மேடையும் மரத்தூண்களும் கிடைத்தன. மரத்தின் வயது சுமார் 2,300 ஆண்டுகள். அந்த இடம் கடலுக்குள் இல்லை, கரையில்தான் இருக்கிறது! கடலுக்குள் தேடியவர்களுக்கும் கரையோரத்தில் செங்கல் கட்டுமானங்களும் பானை ஓடுகளும் கிடைத்தன. ஆக, முழு ஊரும் ஒரே நாளில் போகவில்லை. கரையோரப் பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது.

பிறகு வணிகம் தெற்கே நாகப்பட்டினத்துக்கு நகர்ந்தது. சோழர் காலத்து 'திசை ஆயிரத்து ஐநூற்றுவர்' வணிகக் குழு 1088ல் சுமத்ராவின் பாருஸ் ஊரில் தமிழிலேயே கல்வெட்டு வெட்டியது.

பூம்புகாரில் 1973ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்க்கப் போனால், அப்படியே கடற்கரைக்கும் நடந்து பாருங்கள். அலை இன்னும் கரையை அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். தோண்டாத பூம்புகார் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது.