கேள்வி கேட்காத வாசல்



சிங்கப்பூரில் விக்டோரியா சாலையும் பிராஸ் பாசா சாலையும் சந்திக்கும் முனையில் 'சைம்ஸ்' என்னும் வளாகம் இருப்பதைப் பலர் அறிவர். பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் செல்லும் நம்மவர்கள் அங்கு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதுண்டு. 2018-இல் வெளிவந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' திரைப்படத்தின் ஆடம்பரத் திருமணக் காட்சி படமாக்கப்பட்டதும் அங்குள்ள பழைய ஆலயத்தில்தான். உணவகங்களும் மதுக்கூடங்களும் நிறைந்த அந்த வளாகத்தின் மதில் ஓரமாக ஒரு சிறிய வாசல் உண்டு. 'நம்பிக்கை வாசல்' என்பது அதன் பெயர். நூறாண்டுகளுக்கும் மேலாகப் பெற்றோரால் வளர்க்க இயலாத பச்சிளங்குழந்தைகள் அவ்வாசலில்தான் விடப்பட்டன. இன்று அதனைக் கடந்து போகிறவர்களில் பெரும்பாலோர் நின்று பார்ப்பதில்லை.

நான் கிறித்தவன் அல்லன். ஆயினும் மலாயாவின் சமூக வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வாசலின் கதை என்னை விட்டு அகலுவதில்லை. தொண்டு என்னும் சொல்லை மாணவர்களுக்கு விளக்க வேண்டிய தொழிலில் இருப்பவன் என்பதும் ஒரு காரணமாகலாம்.

கதை பினாங்கிலிருந்து தொடங்குகிறது. பிரான்சு நாட்டுக் குழந்தை இயேசு சபையைச் சேர்ந்த கன்னியர் 1852-ஆம் ஆண்டு கப்பலேறிப் பினாங்கு வந்து சேர்ந்தனர். அச்சபையின் வேர், 17-ஆம் நூற்றாண்டில் ரூவான் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட முற்பட்ட நிக்கொலா பாரே என்னும் துறவியிடம் இருக்கிறது. முதலில் புறப்பட்ட குழுவின் தலைவி கடற்பயணத்திலேயே உயிர் நீத்தார். அவ்வாண்டின் இறுதியில் மத்தில்ட் ரக்லோ என்னும் அன்னையார் தலைமையில் இரண்டாம் குழு வந்தது. அவரும் வேறு மூன்று கன்னியரும் 1854 பிப்ரவரி 5-ஆம் நாள் சிங்கப்பூரில் கால் பதித்தனர்.

அவர்களுக்கென ஒரு வீட்டை முன்னரே வாங்கி வைத்திருந்தவர் அருட்தந்தை ஜான் மரி பேரல். நல்லாயன் தேவாலயத்தையும் செயின்ட் ஜோசப் பள்ளியையும் எழுப்பியவர் அவர். பெண் குழந்தைகளுக்கென ஒரு கல்வி நிலையம் அமைக்க அரசாங்கத்திடம் நிலம் கேட்டார்; கிடைக்கவில்லை. ஆகவே தம் சொந்தச் சேமிப்பைக் கொண்டு கால்டுவெல் மாளிகையை விலைக்கு வாங்கினார். ஜார்ஜ் கோல்மன் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த அம்மாளிகை இன்றும் அவ்வளாகத்தில் இருக்கிறது. கன்னியர் வந்த பத்தாம் நாளே வகுப்புகள் தொடங்கிவிட்டன. கட்டணம் செலுத்துவோருக்கு ஒரு வகுப்பு. அனாதைகளுக்கும் வறியோருக்கும் வேறொரு வகுப்பு. இந்தப் பிரிவினையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இங்கே ஒரு வியப்பு. 1854 சீனர் நாட்காட்டியின்படி புலி ஆண்டு. புலி ஆண்டில் பிறக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகாதவள், கணவனுக்குக் கேடு விளைப்பவள் என்பது அக்காலச் சீனக் குடும்பங்கள் பலவற்றில் நிலவிய நம்பிக்கை. (மூல நட்சத்திரத்துப் பெண்ணை மணமுடிக்கத் தயங்கும் நாம் இதைக் கேட்டுச் சிரிக்க இயலாது!) வறுமை, தாயின் மரணம், திருமணத்துக்கு முன் பிறந்த குழந்தை என்னும் பழிச்சொல், ஏற்கெனவே வீடு நிறையப் பெண்கள், இவற்றோடு இந்த நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றப்பட்ட குழந்தைகள் வாசலில் கிடந்தன. வாசலுக்கு வராத பெண் குழந்தைகளின் கதி என்ன? 'மூய் சாய்' என்னும் முறையில் சிறு வயதிலேயே பணக்கார வீடுகளுக்கு வேலைக்காரிகளாக விற்கப்பட்டோர் எத்தனையோ பேர். அம்முறையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இப்பகுதியில் 1932-இல்தான் வந்தது. இதையும் மனத்தில் வைத்தே அவ்வாசலை எடைபோட வேண்டும்.

வாசலில் குழந்தையை ஏற்கும் வழக்கம் இந்நாட்டில் பிறந்ததன்று. இத்தாலியில் இடைக்காலத்திலேயே மருத்துவமனைச் சுவர்களில் சுழலும் மரப்பெட்டிகள் இருந்தன. வெளியிலிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் அது உள்ளே சென்றுவிடும். வைத்தவர் யாரென உள்ளிருப்பவருக்குத் தெரியாது. பிளாரன்ஸ் நகரின் புகழ்பெற்ற குழந்தைகள் இல்லம் 1445-இல் முதற்குழந்தையை ஏற்றது. குழந்தைகளை ஏற்ற அதன் சுவர்த் துளையை 1875-இல் மூடினர். இத்தாலியரிடையே 'எஸ்பொசிதோ' என்னும் குடும்பப் பெயரைக் காணலாம். 'வெளியே வைக்கப்பட்டவர்' என்பது அதன் பொருள். ஒருவன் கைவிடப்பட்ட செய்தி அவன் பேரப்பிள்ளைகளின் பெயரிலும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது!

சுழலும் பெட்டியானாலும் விக்டோரியா சாலை வாசலானாலும் இயங்கியது இரண்டே விதிகளால் என்பேன். முதலாவது, வைத்தவரைத் தேடிப் போகாதிருத்தல். யார், ஏன், எந்த இனம், திருமணம் ஆயிற்றா என்று வாசலில் விசாரணை வைத்திருந்தால் குழந்தை அங்கு வந்திராது. ஆற்றுக்கோ சந்துக்கோ போயிருக்கும். இரண்டாவது, உள்ளே எந்நேரமும் ஆள் இருத்தல். குழந்தை விடியற்காலையில் வரும், பெருமழையில் வரும், காய்ச்சலோடு வரும். பிழைக்காத குழந்தைகளும் பல. முதல் விதிக்குப் பெருந்தன்மை போதும். இரண்டாம் விதிக்கு உறக்கத்தைக் கொடுக்க வேண்டும். வரலாற்று நூல்கள் முதலாவதைப் பாராட்டுகின்றன. இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

யார் அந்த உறக்கத்தைக் கொடுத்தவர்கள்? கன்னியர், ஐயமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சில கன்னியர் மட்டும் வளர்த்துவிட முடியாது. அங்கேயே வளர்ந்த பெரிய பெண்கள்தாம் சிறிய குழந்தைகளைக் குளிப்பாட்டினர், உணவூட்டினர், தாலாட்டினர். தையலும் பூத்தையலும் கற்று அவர்கள் செய்த துணிகள் விற்கப்பட்டு இல்லத்துக்கு வருவாய் ஈட்டின. ஒரு காலத்தில் வாசலில் கிடந்த குழந்தையே பின்னொரு காலத்தில் வாசலில் கிடந்த இன்னொரு குழந்தையை எடுத்துச் சுமந்தது. பேரல் அவர்களின் பெயரும் மத்தில்ட் அன்னையாரின் பெயரும் நமக்குத் தெரியும். (அன்னையார் 1872-இல் ஜப்பான் சென்று, 1911-இல் யோகோஹாமாவில் காலமானார்.) அப்பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் தலைப்பாகவில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. வாசலில் வந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. தாயின் சமயம் எதுவென எவரும் கேட்கவில்லை. 'கேள்வி கேட்காமை' என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு. கட்டணம் செலுத்திய மாணவியும் அனாதைச் சிறுமியும் ஒரே மதிலுக்குள் இரு வேறு உலகங்களில் வாழ்ந்தனர். திருமண வயது வந்ததும் பெண் தேடி வந்த கத்தோலிக்க ஆடவருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டோர் உண்டு. அவர்களின் விருப்பத்துக்கு எவ்வளவு இடமிருந்தது என்பது வேறு கேள்வி. இவையனைத்தும் உண்மை. குழந்தை உயிரோடிருந்தது என்பதும் உண்மை. இவற்றில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க நான் விரும்பவில்லை.

இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் எங்கள் நெகிரி செம்பிலானில் நடந்தது. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரில் உணவுப் பஞ்சம் தலைதூக்கியது. மக்களை வெளியேற்றிக் காடு திருத்தி வேளாண்மை செய்ய வைப்பதென ஜப்பானியர் முடிவெடுத்தனர். யுரேசியரும் சீனக் கத்தோலிக்கரும் 1943 டிசம்பர் முதல் பகாவுக்குக் குடியேறினர். அவர்களுக்குத் தலைமையேற்று வந்தவர் ஆயர் அட்ரியன் டெவால்ஸ். கான்வென்ட் கன்னியரும் அனாதைப் பிள்ளைகளுடன் அங்கே வந்தனர். நகர வாசலில் விடப்பட்ட பிள்ளைகள் இப்போது காட்டில்! மண் வளமற்றது, மருந்து இல்லை, மலேரியா நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. ஆயரும் மண்வெட்டி பிடித்து உழைத்தார். அம்மண்வெட்டியால் காலில் ஏற்பட்ட காயமே நஞ்சாகி, 1945 ஜனவரியில் அவர் உயிரைக் குடித்தது. அதே ஆண்டுகளில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆனால் பகாவில் பிறந்து வளர்ந்த ஆசிரியர் சிலரிடம் இக்குடியேற்றத்தைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

போருக்குப் பின் இல்லம் மீண்டும் இயங்கியது. நகர் மாறியது; கருத்தடையும் வேலைவாய்ப்பும் வந்தன; வாசலுக்கு வரும் குழந்தைகள் குறைந்தன. 1983-இல் கான்வென்ட் அவ்விடத்தை விட்டு வெளியேறியது. 1904-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயமும் கால்டுவெல் மாளிகையும் 1990-இல் தேசிய நினைவுச் சின்னங்களாயின. 1996-இல் 'சைம்ஸ்' திறக்கப்பட்டது. இடித்துத் தரைமட்டமாக்காமல் விட்டதே பெரிது என்பர் சிலர். நானும் அவ்வாறே எண்ண முயல்கிறேன்.

வாசல் மூடியது, தேவை மூடவில்லை. நம் நாட்டில் ஆர்பன்கேர் அறக்கட்டளை 2010-இல் பெட்டாலிங் ஜெயாவில் 'குழந்தைப் பெட்டகம்' ஒன்றைத் திறந்தது. சுவரில் ஒரு சிறு கதவு, உள்ளே சிறு படுக்கை, குழந்தையை வைத்துக் கதவை மூடினால் உள்ளிருப்போருக்கு மணி ஒலிக்கும், தாய் போய்விடலாம். அதே ஆண்டு ஆகஸ்டில், குழந்தையை வீசி எறியும் சம்பவங்களைக் கொலையாக விசாரிப்பதென அமைச்சரவை முடிவு செய்தது. ஒரே ஆண்டில் இரண்டு பதில்கள். 2010-உம் புலி ஆண்டே! இது தற்செயல்தான். ஆயினும் 1854-இன் கதவும் 2010-இன் கதவும் ஒரே அளவில் சிறியவை என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

இவ்வளவையும் எழுதத் தூண்டிய செய்தி ஒன்று உண்டு. எங்கள் ஊர்த் தேவாலயத்தின் பொறுப்பில் சிறுவர் இல்லம் ஒன்று இருக்கிறது. எல்லா இனத்துப் பிள்ளைகளும் உளர். தமிழ்ப் பிள்ளைகளும் உளர். தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயங்களில் அங்கே பரிசுப் பைகளுக்குப் பஞ்சமில்லை. அரிசி மூட்டைகளோடும் பதாகையோடும் படம் எடுத்துக்கொள்ள வரிசையே நிற்கும். இம்முறை இல்லத்தார் பள்ளிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தனர். பொருள் வேண்டாமாம். வாரம் ஒரு நாள், மாலை ஏழு முதல் ஒன்பது வரை, ஆறு மாதம் தவறாமல் வரக்கூடிய ஆள் வேண்டுமாம். வீட்டுப்பாடம் பார்க்க, சட்டைக்குப் பொத்தான் தைக்க, காய்ச்சல் கண்ட பிள்ளையின் அருகில் அமர. சமயம் தடையில்லை, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டா, பெரியவர்களே வருக என்று எழுதியிருந்தனர்.

ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையில் அக்கடிதத்தையும் ஓர் அட்டவணையையும் ஒட்டி வைத்தேன். திங்களை நான் எடுத்துக்கொண்டேன். செவ்வாய், வியாழன் கிழமைகளுக்கு இரண்டு ஆசிரியைகள் பெயர் எழுதியுள்ளனர். வெள்ளி மாலை கோயிலுக்குச் செல்பவர்கள் சனிக்கு மாற்றிக் கேட்கிறார்கள். இல்லத்தாரும் சரி என்கிறார்கள். புதன்கிழமைக்கு மட்டும் இன்னும் எவரும் கிடைக்கவில்லை.