படமும் பேழையும்

வெள்ளக்கடை முதலிய சேர்வராயன் மலையூர்களிலிருந்து ஏற்காடு வழியே சேலத்துக்கு இறங்கும் பேருந்து, கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து நகரை அணுகுகையில், சாலையோரம் ஒரு நுழைவு வளைவு கண்ணில் படும். டி. ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தின் நினைவாக நிற்பது அது. 1937இல் வெளிவந்த ‘சதி அகல்யா’ தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. 1938இல் அந்நிலையத்தார் எடுத்த ‘பாலன்’ மலையாளத்தின் முதல் பேசும்படம். 1956இல் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். பின்னதை இன்று நீங்கள் கைப்பேசியிலேயே காணலாம். முன்னதன் படச்சுருள் ஒன்றேனும் அகப்படவில்லை. சில நிழற்படங்களும் பாட்டுப் புத்தகமுமே எஞ்சின. ஒன்று காலத்தே வேறு கலம் ஏறிற்று, மற்றொன்று ஏறவில்லை.

அக்காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது. தீப்பற்றினால் தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே விடுத்து, நீருள்ளும் எரியும் இயல்புடையது. தீயினின்று தப்பினாலும், நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகும். 1950களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி பெரும்பாலும் நின்று, அசிடேட் சுருள் அவ்விடத்தைப் பிடித்தது. அதுவும் காடி நாற்றம் வீசி நைந்துபோவதைப் பின்னர்க் கண்டனர். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது 1964இல்தான். அந்நகரில் 2003இல் நேர்ந்த தீ விபத்தில் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தொழிந்தன.

அச்சுருளில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே நாடாவில் படமும் ஒலியும் இருந்தன. ஆயினும் ஒரு காட்சிக்குரிய ஒலி அதன் பக்கத்திலேயே இராது. ஏறத்தாழ 20 சட்டங்கள் முன்னே தள்ளிப் பதிந்திருக்கும். விளக்கின்முன் ஒவ்வொரு சட்டமும் நின்று நின்று நகரவேண்டும். ஒலியைப் படிக்கும் இடத்திலோ சுருள் சீராக ஓடவேண்டும். இரண்டும் ஓரிடத்தில் நிகழா அல்லவா? இருவேறு பொருள்களை ஒரு கலத்தில் இட்டு, உரிய கணத்தில் அவற்றை இணையச் செய்யும் இவ்வேற்பாடே, கணினியில் நாம் காணும் காணொளிக் கோப்பின் முன்னோடி என்பேன்.

ஏ.வி.ஐ., எம்.பி.4 என்றெல்லாம் கோப்பின் பெயர் முடிவதைப் பார்த்திருப்பீர்கள். அவை படத்தின் பெயர் அல்ல, பேழையின் பெயர். பேழைக்குள்ளே படமும் ஒலியும் தனித்தனி முறையில் சுருக்கப்பட்டுக் கிடக்கின்றன. எந்தத் துண்டு எவ்விடத்தில், எந்நேரத்துக்குரியது என்று காட்டும் அட்டவணையும் உடனிருக்கிறது. 1991இல் ஆப்பிள் நிறுவனம் குவிக்டைம் பேழையை வெளியிட்டது; மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஏ.வி.ஐ. பேழையைத் தந்தது. ஒலியையும் படத்தையும் இடையிடையே கோத்தல் என்பதே அப்பெயரின் பொருள். குவிக்டைமின் அமைப்பைத் தழுவியே பின்னர் எம்.பி.4 வகுக்கப்பட்டது. 2002இல் தோன்றிய மத்ரோஸ்கா, ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் ருசிய மரப்பாவையின் பெயரைத் தழுவியது. பல மொழி ஒலிகளையும் வசன வரிகளையும் தன்னுள் ஏற்பது. பதிவின் நடுவே கைப்பேசி அணைந்துவிட்டால் கோப்புத் திறவாமற் போவது ஏன் தெரியுமா? எம்.பி.4 பேழையின் அட்டவணை பெரும்பாலும் இறுதியில்தான் எழுதப்படுகிறது.

நிற்க. ஒரு பேழையினின்று மற்றொரு பேழைக்கு மாற்றுதல் இருவகைப்படும். மலையில் வாழும் நீங்கள் இதை எளிதில் உணர்வீர்கள். காப்பிக் கொட்டையைச் சாக்கிலிருந்து தகரப் பெட்டிக்கு மாற்றினால், கொட்டை கொட்டையாகவே இருக்கும். வேண்டுமானால் மீண்டும் சாக்கில் இடலாம். வறுத்து அரைத்து மாற்றினாலோ, பொடி ஒருநாளும் கொட்டையாகாது. உள்ளிருப்பதைத் தொடாது பேழையை மட்டும் மாற்றுவது முதல்வகை. அவிழ்த்து மறுபடியும் சுருக்குவது இரண்டாம் வகை. பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் படத்தின் நுண்மை சிறிது தேயும். புதிய கருவி பழைய சுருக்குமுறையை அறியாதபோது இரண்டாவது தவிர்க்கவொண்ணாதது. பிற இடங்களில் அது வீண் இழப்பு. கோப்பின் பெயர் முடிவை மட்டும் மாற்றி எழுதுவோர் உளர். அது சீட்டை மாற்றி ஒட்டுவதேயன்றிப் பேழையை மாற்றுவதன்று.

ஒரு படத்தை இரண்டு மூன்று வட்டுகளாகப் பார்த்த வி.சி.டி. காலம் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். அவ்வட்டுகளில் டாட் என முடியும் கோப்பினுள் இருந்தது எம்பெக் 1 முறையில் சுருக்கிய படமே. உறையை நீக்கிப் புதுப்பேழையில் இட்டால் போதும். திருமணங்களும் பள்ளி ஆண்டு விழாக்களும் அவ்வாறு எத்தனையோ வட்டுகளில் அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றைச் செய்திச் செயலி வழியே அனுப்பிவிட்டு மூல வட்டை எறிந்துவிடுவோரை நினைத்தால் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. அச்செயலிகள் பெரும்பாலும் வழியிலேயே படத்தை மறுபடி சுருக்கிவிடுகின்றன. உறவினருக்குக் கிட்டுவது அரைத்த பொடி.

2000ஆம் ஆண்டில் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவச மென்பொருள் இவ்விருவகை மாற்றத்தையும் செய்யும். எவ்வகை நிகழ்ந்தது என்பதை வேகமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இரண்டு மணிநேரப் படம் சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ மாறி முடிந்தால், மாறியது பேழை மட்டுமே. கணினி நெடுநேரம் சூடேறி உழைக்குமாயின், உள்ளே கொட்டை வறுபடுகிறது என்று அறிக. அப்போது முடிந்த கோப்பைத் தொடக்கம், நடு, இறுதி என மூவிடங்களில் ஓடவிட்டு, வாயசைவும் குரலும் ஒத்து வருகின்றனவா என்று பார்த்த பின்னரே பழைய வட்டை எங்கே வைப்பது என்று யோசிக்கவேண்டும்.