கையகப்படுத்திய நிலம் விலைக்கு வந்தால்: பெரம்பலூர், அரியலூரில் மனை வாங்குவோர் கவனத்துக்கு

வளைகுடாவில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஊர்ப்பக்கம் மனை வாங்குவது நம் குடும்பங்களின் வழக்கம். லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் இதை விளக்கத் தேவையே இல்லை. அண்மைக்காலமாக 'சிப்காட் அருகில் மனை' என்ற விளம்பரங்கள் கூடியிருப்பதால், இந்த இரு மாவட்ட நிலங்களின் பின்னணியைச் சொல்லிவிடுகிறோம்.

1990-களின் பிற்பகுதியில் ஜெயங்கொண்டம் வட்டாரத்தின் 13 கிராமங்களில், பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக டிட்கோ மூலம் பல ஆயிரம் ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. சுரங்கம் வெட்டப்படவே இல்லை. இழப்பீடு போதாது என்று உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள்; வழக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தர முடிவு செய்தது. பெரம்பலூர் திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென வாங்கிய சுமார் 3,000 ஏக்கரும் நெடுங்காலம் தரிசாகவே கிடந்தது.

இப்போது காலணித் தொழிற்சாலைகள் வருகின்றன. 2022 நவம்பரில் எறையூரிலும், 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் அருகே மகிமைபுரத்திலும் முதல்வர் அடிக்கல் நாட்டினார். நில விலையும் ஏறியது, தரகர்களும் வந்தார்கள்.

"திட்டம்தான் வரலையே, நிலம் தானாகவே பழைய ஆளுக்குப் போயிடுச்சு பாய்" என்பார்கள். நம்ப வேண்டாம். இழப்பீடு தீர்மானித்து அரசு சுவாதீனம் எடுத்துவிட்டால் நிலம் அரசுடையது. முறைப்படி ஆணை பிறப்பித்துத் திருப்பித் தரும்வரை பழைய உரிமையாளர் விற்க முடியாது. 1894 சட்டப்படி எடுத்த நிலத்தில்கூட, சுவாதீனமும் எடுக்காமல் இழப்பீடும் தராமல் இருந்தால்தான் கையகப்படுத்தல் காலாவதியாகும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவாக்கிவிட்டது.

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அதில் பத்திரப் பதிவுகள்தான் தெரியும்; கையகப்படுத்தல் விவரம் இல்லாமலும் போகலாம். சர்வே எண்ணோடு வட்டாட்சியர் அலுவலகம் போய் அ-பதிவேட்டைப் பாருங்கள். நிலம் திருப்பித் தரப்பட்டது என்றால் அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். தாய்ப்பத்திரத்தில் மாவட்டப் பெயர் மாறியிருந்தால் பதற வேண்டாம்: 1995 வரை இப்பகுதி முழுவதும் திருச்சி மாவட்டம், அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-இல் மறுபடி தனி மாவட்டமானது.

பெரிய சிக்கல் வாரிசுகளிடம்தான். நிலம் கொடுத்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. மூத்த மகன் மட்டும் கையெழுத்துப் போட வந்தால் வாங்காதீர்கள். முஸ்லிம் குடும்பமானால் மனைவிக்கும் மகள்களுக்கும் ஷரீஅத் வகுத்த பங்கு உண்டு. இந்துக் குடும்பங்களிலும் மகள்களுக்கு உரிமை இருக்கிறது. கட்டிக்கொடுத்த சகோதரிகளின் கையெழுத்து இல்லாத பத்திரம் பின்னாளில் வழக்காகும். பிறர் பங்கை விலைக்கு வாங்கியதும் ஆகும்.

வயலைப் பிரித்து மனையாக விற்றால் டிடிசிபி அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 20.10.2016-க்குப் பிறகு போட்ட அங்கீகாரமற்ற மனைப்பிரிவு வரன்முறைத் திட்டத்தில் வராது. வெளிநாட்டில் இருப்பவர்கள் விற்பவரின் பவர் ஏஜெண்ட் சொல்வதை மட்டும் கேட்டு முன்பணம் அனுப்பாமல், ஆவணங்களை முதலில் ஊரில் உள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிச் சட்டக் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள்.