தேநீர்க் கெண்டியும் மேசைப் பாத்திரங்களும்: இடுக்கி, பாலக்காட்டு எல்லைப் பகுதி

தேயிலையை வெந்நீரில் ஊறவைத்துக் கோப்பையில் ஊற்றுவதற்கான, மூக்கும் மூடியும் உள்ள பாத்திரம் தேநீர்க் கெண்டி. பேச்சில் டீ பாட். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களுக்கும் பாலக்காட்டின் நெல்லியாம்பதி மலைக்கும் இது தேயிலைத் தோட்டங்களோடு வந்தது. பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், வடிகட்டி, தட்டம் ஆகியவற்றோடு இன்று பழம்பொருள் சேகரிப்போரும், விருந்து மேசையை அழகாக அமைக்க விரும்புவோரும் இதைத் தேடி வாங்குகிறார்கள். மூக்குள்ள பாத்திரம் இப்பகுதிக்குப் புதிதல்ல. கைகால் கழுவவும் பூசைக்கும் ஓட்டுக் கிண்டி கேரள வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. இருந்தும் தேநீர்க் கெண்டி தோட்டத் துரைமார் பங்களாவோடு நின்றுவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருந்த, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு அது இறங்கவில்லை. துரைமார் ஆடம்பரம் துரைமாரோடு போயிற்று என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பாத்திரங்களையே சான்றாக வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் வலுவாகத் தெரிகிறது: எந்த வீட்டுக்கு எந்தத் தரத் தேயிலை போனதோ, அதற்கேற்ற பாத்திரமே அந்த வீட்டில் நிலைத்தது.

பீர்மேட்டில் தேயிலைக்கு முன்பு காப்பி இருந்தது. இலைத்துரு நோய் அதை வீழ்த்தியது. கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த நெல்லியாம்பதியில் காப்பியும் தேயிலையும் அடுத்தடுத்துப் பயிராயின. தேவிகுளம் வட்டத்து மூணாறு பற்றித்தான் விரிவான பதிவுகள் உள்ளன. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சாறு அரச குடும்பத்திடம் குத்தகைக்கு எடுத்தார். இங்கே முதலில் தேயிலை நட்டவர் ஏ. எச். ஷார்ப் என்றும் ஆண்டு 1880 என்றும் பொதுவாகச் சொல்வர். பெரிய அளவில் தேயிலை வந்தது 1890-களில், பின்லே மியூர் நிறுவனம் நுழைந்த பிறகே; 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. அப்போது மூணாற்றின் வாசல் கொச்சிப் பக்கம் இல்லை, தமிழ்ப் பக்கம் இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமும், 1908-இல் சிறு ரயிலும் அமைந்தன. ரயில் டாப் ஸ்டேஷன் வரை போகும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர், அம்மையநாயக்கனூர் ரயிலடி, தூத்துக்குடித் துறைமுகம், கப்பல். மளிகையும் தளவாடமும் அதே வழியில் மேலே ஏறின. எளிதில் உடையும் பீங்கானும் அப்படித்தான் ஏறியிருக்க வேண்டும். மலபார் மக்களும் திருவாங்கூர் மக்களும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று நினைவுகூரும் 1924 ஜூலைப் பெருமழை அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. அது மீண்டும் போடப்படவில்லை.

ஆகவே இப்பகுதிப் பங்களாக்களின் பீங்கான்களில் மூத்தவை ஏறத்தாழ 1880-க்கும் 1924-க்கும் இடைப்பட்டவை எனலாம். இந்தக் காலத்துப் பொருள்களுக்கு வயது சொல்வது ஓரளவு எளிது. இங்கிலாந்தில் 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களுக்கு வைர வடிவ முத்திரை உண்டு. 1884 முதல் அதன் இடத்தில் பதிவு எண் வந்தது. இறக்குமதிப் பொருளில் பிறப்பிட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்ததால், அடியில் ‘இங்கிலாந்து’ என்றிருப்பது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. ஜப்பான் சரக்கில் ‘நிப்பான்’ என்றிருந்தால் 1921-க்கு முன்பு. ‘ஜப்பான்’ என்றிருந்தால் பின்பு. வெள்ளிபோல் மின்னும் கெண்டிகளில் பல, நிக்கல் கலவை உலோகத்தின் மேல் மின்முறையில் வெள்ளி ஏற்றியவை. 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பம் காப்புரிமை பெற்ற முறை இது. முத்திரை மட்டும் போதாது, பிற்காலப் போலிகளிலும் அது இருக்கும். எலும்புச் சாம்பல் கலந்த நல்ல பீங்கானை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னாலுள்ள விரலின் நிழல் தெரியும். நகத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது. மூடியில் ஊசிமுனை அளவு காற்றுத் துளை, சாய்க்கும்போது மூடி விழாதபடி உள்விளிம்பில் ஒரு நாக்கு, மூக்கு தொடங்கும் இடத்தில் உட்புறச் சுவரில் நெருங்கிய சிறு துளைகள்: இந்த மூன்றையும் ஒரே பாத்திரத்தில் பார்க்கையில், செய்தவர் தேநீர் குடிப்பவர் என்பதில் ஐயம் எழுவதில்லை.

அந்தச் சிறு துளைகளே இக்கட்டுரையின் முக்கியச் சான்று. அவை முழு இலைக்கு உரியவை. சுருண்ட இலை வெந்நீரில் மெல்ல விரிந்து துளைக்குப் பின்னாலேயே நின்றுவிடும், சாறு மட்டும் இறங்கும். அதே கெண்டியில் தூளைப் போட்டால் பாதி துளையை அடைக்கும், பாதி கோப்பைக்கு வரும். தொழிற்சாலைச் சல்லடையில் இலை, உடைந்த இலை எல்லாம் பிரிந்த பிறகு கடைசியில் தங்குவது தூள். நல்ல இலை லண்டன் ஏலத்துக்குப் போக, உள்நாட்டு ஏழைகளின் கடைக்கு வந்தது பெரும்பாலும் இந்தத் தூள்தான். தூளை ஊறவைக்கத் தேவையில்லை. கொதிக்கவிட்டுத் துணிப்பையில் வடித்தால் சாயம் முழுதும் இறங்கிவிடும், பாலையும் சர்க்கரையையும் தாங்கும். 1930-களின் தொடக்கத்தில் அசாமில் உருவான, இலையை நொறுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் பரவியதும், கொதிக்கவிடும் தேநீரே நாட்டின் தேநீர் ஆயிற்று. இடையில் தேயிலை விற்பனை வாரியங்கள் பல இந்திய மொழிகளில் எனாமல் பலகை எழுதி, கெண்டியைச் சூடாக்கு, ஆளுக்கொரு கரண்டி போடு, மூடிவை என்று பாடம் நடத்தின. மக்கள் தேயிலையை எடுத்துக்கொண்டு கெண்டியை விட்டுவிட்டார்கள்.

லயத்திலும் மலையடிவார ஊர்களிலும் புழங்கிய பாத்திரங்கள் சேகரிப்பாளர் கண்ணில் அதிகம் படுவதில்லை. அவற்றுக்கும் வரலாறு உண்டு. சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். 1900-இல் அது இந்திய அலுமினியக் கம்பெனியாக வளர்ந்தது. பிரட்டு எனும் காலை ஆள்கணக்குக்குப் போகும் கொழுந்தெடுப்பவர் கையிலிருந்த அலுமினியத் தூக்கு அந்த மரபில் வந்தது. ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த எனாமல் கோப்பைகளும் தூக்குகளும் இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. பாலக்காட்டு அக்கிரகாரங்களில் காப்பிக்குப் பித்தளை டபரா டம்ளர், ரசத்துக்கு ஈயச்சொம்பு. பெயர் ஈயமென்றாலும் அது வெள்ளீயம். 232 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்பதால் ரசமோ நீரோ இல்லாமல் அடுப்பில் வைக்கவே கூடாது. சுத்தியல் பட்ட சிறு பள்ளங்கள் வரிசையாக மினுங்கும் அதன் தோள்பகுதி எந்த விருந்து மேசைக்கும் அழகு சேர்க்கும். காரீயம் கலந்த மலிவுச் சரக்கும் உண்டு என்பதால் தெரிந்த கடையில் வாங்குவதே நல்லது. டம்ளரின் வெளிமடிந்த விளிம்பு உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள ஏற்றது, கைப்பிடிக் கோப்பை அதற்கு ஒத்துவராது. தேநீர்க் கடைகளில் பட்டியலினத்தவருக்குத் தனிக் குவளை வைத்த கொடுமையையும் டம்ளரின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. மலையேறிய தொழிலாளர்களில் மிகப் பலர் அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

தேயிலையின் தரமே பாத்திரத்தைத் தீர்மானித்தது என்ற கருத்துக்கு மறுப்புகள் உண்டு. வெள்ளையர் வெளியேறியதே கெண்டி மறைந்ததற்குக் காரணம் என்பது ஒன்று. ஆனால் மூணாற்றில் பின்லே 1947-இல் வெளியேறவில்லை; டாடாவுடன் 1964-இல் கூட்டுச் சேர்ந்து மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. பிறகு பங்களாவுக்கு வந்த இந்திய மேலாளர்களும் அதே தட்டத்தில் தேநீர் பரிமாறச் செய்தார்கள். ஆளும் கொடியும் மாறியும் பங்களாவில் கெண்டி மாறவில்லை, லயத்துக்கும் வரவில்லை. விலைதான் தடை என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு, கூலியைப் பார்த்தால் எலும்புச் சாம்பல் பீங்கான் எட்டாக்கனிதான். எனினும் வாங்க வசதியிருந்த பாலக்காட்டு வீடுகளும் போடி ஏலக்காய் வணிகர் வீடுகளும் கெண்டியை அன்றாடத்துக்கு ஏற்கவில்லை. அதற்கு விலை விடையாகாது. எந்த இலை யாருக்கு என்று பங்கிட்டதில் பணத்துக்கும் அதிகாரத்துக்கும் பங்கு இருந்தது என்பதை இவ்வாதம் மறுக்கவில்லை. மூன்றாவது, முத்திரையில்லாத பாத்திரத்துக்கு வயது சொல்ல முடியாது என்னும் சேகரிப்பாளர் வாதம். தமிழ் வீட்டுப் பித்தளையையும் வெண்கலத்தையும் திருப்பிப் பார்க்காதவர்கள்தான் இப்படிச் சொல்ல முடியும். பாத்திரக் கடையில் சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரும், தலைப்பெழுத்தும், சிலவற்றில் கல்யாணத் தேதியும் விளிம்பில் இருக்கும். தொழிற்சாலை முத்திரை ஒரு வடிவம் பதிவான காலத்தைச் சொல்கிறது. இந்தப் புள்ளி எழுத்து பாத்திரம் எந்த நாளில் எந்த வீட்டுக்குப் போனதென்று சொல்கிறது. பீங்கானுக்கு அந்தப் பேறு இல்லை.

1956 நவம்பர் 1-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தபின், பழம்பொருள்கள் கொச்சிக் கடைகளுக்கும் காரைக்குடிக்குமாகப் பிரிந்து போயின என்பர். மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகம் 1905-ஆம் ஆண்டு உருட்டு இயந்திரத்தையும் பங்களாச் சாமான்களையும் காட்டுகிறது. 2005-இல் தோட்டங்கள் தொழிலாளர்களும் பங்குதாரராக உள்ள புதிய கம்பெனிக்கு மாறின. மூணாற்றுக் கடைகளில் இப்போது முழு இலைத் தேயிலையும் கிடைக்கிறது. தங்கும் விடுதியாக மாறிய சில பங்களாக்களில் கெண்டி மறுபடி மேசைக்கு வந்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஓர் ஈயச்சொம்பையும், பெயர் வெட்டிய பித்தளை டம்ளரையும், அடி நசுங்கிய அலுமினியத் தூக்கையும் வைக்கும் சேகரிப்புகளே இந்த மலைத் தேயிலையின் கதையை முழுதாகச் சொல்லக்கூடியவை. அலுமினியத் தூக்குகள் பழைய இரும்புக் கடையில் எடைக்கு உருகிப் போய்க்கொண்டிருப்பதால், முதலில் தேட வேண்டியது அவற்றையே.