காயிஸா ஏன் யானையைக் கொடுத்தது?

1977 ஆகஸ்டில் கணிப்பொறி நிரல்களுக்கான இரண்டாவது உலக சதுரங்கப் போட்டி டொராண்டோவில் நடந்தது. நான் இப்போது குடியிருக்கும் ஊர். இங்கே என்னோடு சதுரங்கம் ஆடும் நண்பர்களில் பலருக்கு இந்தச் செய்தியே புதிது. 16 நிரல்கள் மோதின. 1974-ல் ஸ்டாக்ஹோமில் முதல் போட்டியை வென்றிருந்த சோவியத் நிரல் காயிஸாவும் வந்திருந்தது. முதல் சுற்றில் அதன் எதிரி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து டச்சஸ்.

34-வது நகர்த்தலில் டச்சஸின் வெள்ளை ராணி கடைசி வரிசையின் மூலைக்கு வந்து காயிஸாவின் ராஜாவுக்குச் செக் சொன்னது. ராஜாவை ஒரு கட்டம் முன்னால், ஜி7-க்கு நகர்த்தினால் தப்பித்துவிடலாம் என்று எவருக்கும் தோன்றும். காயிஸா அதைச் செய்யவில்லை. தன் யானையை (ஈழத்து நண்பர்கள் கோட்டை என்பார்கள்) ராணிக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தியது. ராணி அதை விழுங்கியது, பதிலுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அரங்கில் முன்னாள் உலக சாம்பியன் பொட்வின்னிக்கும் இருந்தார். நிரலில் ஏதோ பிழை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், காயிஸாவை எழுதியவர்கள் உட்பட. ஆட்டத்தில் காயிஸா தோற்றது.

பிறகு அதே நிலையைக் காயிஸாவிடமே கொடுத்து, ராஜா ஜி7-க்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். பதில் வந்தது. வெள்ளை ராணி எஃப்8-ல் போய்த் தன்னையே பலி கொடுக்கும். ராஜா அதை வெட்டியே ஆகவேண்டும், வேறு வழியில்லை. உடனே மந்திரி எச்6-லிருந்து செக். அடுத்து வெள்ளை யானை சி8-க்கு இறங்கும். குறுக்கே எதை வைத்தாலும் வெட்டுப்படும், முடிவில் மேட். பொட்வின்னிக்கின் கண்ணுக்குத் தப்பியது இதுதான்.

நிரல் இதை எப்படிப் பார்த்தது? கட்டாய மேட்டைத் தேடுவது ஒரு மரத்தில் ஏறுவது போன்றது. தாக்குபவருக்கு ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒரு நல்ல நகர்த்தல் கிடைத்தால் போதும். தற்காப்பவரின் பக்கத்தில் எல்லாப் பதில்களும் தோற்க வேண்டும், ஒன்று தப்பினாலும் மேட் இல்லை. ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நகர்த்தலில் மேட் என்றால் இருபுறமும் சேர்த்து ஐந்து அடுக்கு, அதாவது 5 கோடிக்கும் மேற்பட்ட வழிகள். 1951-ல் மான்செஸ்டரில் டீட்ரிஷ் பிரின்ஸ் எழுதிய முதல் நிரல் இரண்டு நகர்த்தல் மேட்டை மட்டும் தேடியது. அதற்கே அந்த இயந்திரத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம் ஆனது.

ஆனால் செக் சொல்லப்பட்டவருக்கு 35 வழிகள் கிடையாது. ஒன்றோ இரண்டோ மூன்றோதான் இருக்கும். மரம் அங்கே ஒல்லியாகிவிடுகிறது. எனவே செக் வரும் கிளைகளில் மட்டும் வழக்கத்தைவிட ஆழமாகப் போகும்படி நிரலர்கள் எழுதுகிறார்கள். காயிஸாவுக்கு வந்த ஆபத்தில் வெள்ளையின் ஒவ்வொரு நகர்த்தலும் செக்தான். ராணியை இழப்பது பைத்தியக்காரத்தனம் என்று மனித மூளை அந்தக் கிளையை முளையிலேயே கிள்ளிவிடும், நிரலுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

அடுத்தது மதிப்பெண். சிப்பாய்க்கு 100 என்றால் யானைக்கு 500. மேட்டுக்கு 30,000 போன்ற பெரிய எண்ணை வைத்து, அதிலிருந்து எத்தனை அடுக்கு தள்ளி மேட் வருகிறதோ அதைக் கழிப்பார்கள். வெல்பவர் விரைவில் முடிக்கவும் தோற்பவர் தள்ளிப்போடவும் இது வழி செய்யும். இந்தக் கணக்கில் 500 இழப்பது, 29,990 இழப்பதைவிட எவ்வளவோ மேல்.

காயிஸா செய்தது சரியா? கணக்குப்படி சரி. ஆட்டக்காரனாக எனக்கு ஒப்பவில்லை. யானையைக் கொடுத்தால் தோல்வி ஏறக்குறைய உறுதி. ராஜாவை நகர்த்தியிருந்தால், அந்த ராணிப் பலியை டச்சஸ் கவனிக்காமல் போக ஒரு வாய்ப்பு இருந்தது. அனுபவமுள்ள எந்த மனிதரும் அந்தச் சூதாட்டத்தை ஆடியிருப்பார். தனக்குத் தெரிந்ததெல்லாம் எதிரிக்கும் தெரியும் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்தத் தேடல் முறையே நிற்கிறது. ஆகவே அந்தக் கேள்வி காயிஸாவுக்குள் எழவே வழியில்லை. இன்னொன்றும் உண்டு. நகர்த்தலைச் சொன்ன நிரல், காரணத்தைத் தானாகச் சொல்லவில்லை. இந்தக் கதையைப் படித்த பிறகு அலுவலகத்தில் நான் எழுதும் நிரல்களில், எடுத்த முடிவோடு நிராகரித்த வழியையும் பதிவுசெய்ய வைக்கிறேன். பின்னிரவில் பிழை தேடுபவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மேட்டைப் பின்னாலிருந்தும் தேடலாம். மேட்டான நிலைகளை எல்லாம் எழுதிவைத்து, ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னோக்கிப் போவது. யூனிக்ஸ் புகழ் கென் தாம்ப்ஸன் அப்படித் தயாரித்த ஒரு பட்டியலோடு அதே டொராண்டோ போட்டிக்கு வந்தார். ஒருபக்கம் ராஜாவும் ராணியும், மறுபக்கம் ராஜாவும் யானையும். ராணியின் பக்கம் எளிதில் வெல்லும் என்று புத்தகங்கள் சொல்லிவந்தன. ஹான்ஸ் பெர்லினரும் கனடாவின் லாரன்ஸ் டேயும் ராணியோடு உட்கார்ந்தார்கள். யானை ராஜாவை ஒட்டியே நிற்கவேண்டும் என்பது பாடம், பட்டியலோ அதைத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தியது. இருவராலும் வெல்ல முடியவில்லை. எவ்வளவு கடினமான நிலையானாலும் 31 நகர்த்தல்களில் மேட் செய்யலாம் அல்லது யானையை வெட்டலாம் என்று பட்டியல் காட்டியது. பின்னர் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரௌன் பந்தயம் கட்டி ஆடினார். வெட்டு எதுவும் இல்லாமல் 50 நகர்த்தல்கள் போனால் ஆட்டம் சமன் என்பது விதி. முதல் முறை அதற்குள் முடிக்க அவரால் இயலவில்லை. படித்துப் பழகிவிட்டு மறுபடி வந்தவர், சரியாக 50-வது நகர்த்தலில் யானையை வெட்டினார்.