பல்லுக்கு இட்ட பொன்னுறை

புதுச்சேரிப் பட்டணத்தின் வடபுறத்தில் நெசவாளர் குடியிருப்பாக வளர்ந்து, இன்று மணிக்கூண்டை அடையாளமாகக் கொண்டு விளங்கும் முத்தியால்பேட்டையின் பதினெட்டாம் நூற்றாண்டை நினைக்கும்போது, தறியின் ஓசையும், துணி வாணிபமும், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் யுத்தங்களும், அவற்றையெல்லாம் நாள்தோறும் குறித்துவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரியுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் சென்னைப்பட்டணத்தைப் பிடித்த அதே 1746ஆம் ஆண்டில், பாரிஸ் மாநகரில் க்ளோத் மூத்தோன் என்னும் பல் வைத்தியர் ஒரு சிறு நூலைப் பிரசுரித்தார். தேய்ந்துபோன பல்லைப் பிடுங்கி எறிந்துவிடாமல், பொன் தகட்டால் செய்த உறையை அதன்மேல் மாட்டிக் காப்பாற்றலாம் என்பதும், முன்பற்களாயின் அவ்வுறைக்கு வெள்ளை எனாமல் பூசி இயற்கையான தோற்றம் தரலாம் என்பதும் அந்நூல் சொன்ன உபாயங்கள். பல் வைத்தியத்தை ஒரு சாஸ்திரமாக வகுத்த பியேர் ஃபொஷாரின் மகத்தான நூல் அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே, 1728இல், அந்நகரிலேயே வெளிவந்திருந்தது.

பிரெஞ்சு மொழியில் 'கூரோன்' என்றும், ஆங்கிலத்தில் 'கிரவுன்' என்றும் கிரீடத்தின் பெயரையே பெற்றுவிட்டபடியால், இந்தப் பல்லுறை அலங்காரத்திற்கு உரிய பொருள் என்ற எண்ணம் பலரிடமும் வேரூன்றியிருக்கிறது. நம் ஜனங்கள் 'கேப் போடுவது' என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது என்பது என் அபிப்பிராயம். அதனினும் பொருத்தமான உவமை மாட்டுவண்டிச் சக்கரத்தில் இருக்கிறது. மரத்துண்டுகளை இணைத்துச் செய்த சக்கரம் பாரத்தால் பிளந்து விலகாதிருக்க, கொல்லர் இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவாரே, அந்தப் பட்டை செய்யும் காரியத்தைத்தான் பல்லின் உறையும் செய்கிறது.

உடலிலுள்ள பொருள்களிலெல்லாம் மிகக் கடினமான எனாமலே பல்லின் மேற்புறமாயினும், இழந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. பாக்கைக் கடித்து மெல்வதாலும், செங்கற்பொடியால் தேய்ப்பதாலும், நூலைப் பல்லாலேயே கடித்து அறுக்கும் வழக்கத்தாலும் அது நாளடைவில் தேய்கிறது. சொத்தை உட்புகுந்து நரம்பை எட்டி, வேர் சிகிச்சையும் செய்யப்பட்ட கடைவாய்ப்பல்லோ, உட்புறம் குடைந்து சுவர்கள் மட்டும் எஞ்சிய வீட்டைப் போன்றது. மெல்லும்போதெல்லாம் விழும் பாரம் ஆப்பைப் போல இறங்கி அச்சுவர்களை அகலத் தள்ள, ஒரு நாள் அது பிளக்கிறது. பிளவு ஈறுக்குக் கீழே வேர்வரை இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வலி நீங்கிற்று என்ற திருப்தியில் உறை போடாமல் விட்டு, அதுவரை பட்ட சிரமமும் செலவும் வீணாகப் பல்லை இழப்பவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது. விரிசல் கண்ட பல்லுக்கும், பாதிக்குமேல் உடைந்த பல்லுக்கும், பக்கத்தில் இழந்த பல்லுக்குப் பாலம் கட்டத் தாங்கலாக நிற்கும் பல்லுக்கும் இந்நியாயமே பொருந்தும். உறை நிலைத்து நிற்க, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரத்திற்கேனும் உறுதியான பல் எஞ்சியிருப்பது உத்தமம்.

மூத்தோன் காலத்து உறை தகட்டை அடித்து வளைத்துச் செய்யப்பட்டதாதலால், பல்லின் விளிம்போடு இழை பிசகாமல் பொருந்துவது அரிதாயிருந்தது. அக்குறையைத் தீர்க்க வழி திறந்தவர், 1907இல் மெழுகு வார்ப்பு முறையைப் பல் வைத்தியத்தில் பிரசித்தமாக்கிய அமெரிக்கரான வில்லியம் டாகர்ட். மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றிலும் அச்சுக் கலவை பொதிந்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றும் இவ்வித்தையைச் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் பரம்பரையாகக் கையாள்கின்றனர்; சோழர் காலத்து நடராஜ விக்கிரகங்கள் உருவானதும் இவ்வாறே. தெய்வத் திருமேனியை வார்த்த அதே நுட்பம் ஒரு நெசவாளியின் கடைவாய்ப்பல்லையும் காக்க வந்தது என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தரும் விஷயம். உலோக உறையோடு பீங்கான் உறையும், பின்னர் உலோகத்தின்மேல் பீங்கானும், நம் காலத்தில் சிர்கோனியாவும் வந்தன.

எல்லாப் பல்லுக்கும் உறை வேண்டும் என்பதில்லை. சிறு சொத்தைக்கு அடைப்பே போதும். வேர் சிகிச்சை செய்த முன்பல்லும் பெரும்பகுதி முழுமையாயிருந்தால் உறையின்றியே நிற்கும். உறைக்காகச் செதுக்கிய பல்லை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாதாதலால், அவசரம் கூடாது. உறையிட்ட பின்னும் ஈறோர விளிம்பில் சொத்தை புகக்கூடும். துலக்குவதில் சிரத்தை குறையலாகாது.

பிரெஞ்சு அரசாங்கம் 1823இல் வைத்தியப் பள்ளியைத் தோற்றுவித்த புதுச்சேரியில், பற்களுக்கென்று தனியே ஓர் அரசுக் கல்லூரி 1990இல்தான் ஏற்பட்டது. மகாத்மா காந்தியின் பெயரைத் தாங்கிய அக்கல்லூரி முத்தியால்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் கோரிமேட்டில் இருக்கிறது. வேர் சிகிச்சை முடிந்தும் உறையிடாத கடைவாய்ப்பல்லோடு இதைப் படிக்கும் அன்பர் எவரேனும் இருப்பின், அது பிளப்பதற்கு முன் ஒரு முறை பல் வைத்தியரிடம் காட்டிவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.